போட்டோவா, வீடியோவா?

"போட்டோவா தம்பி, வீடியோவா?"

முப்பது வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்ட அளவுக்கு வேறெதையும் என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஆல்பம் எப்ப வரும், பென் டிரைவ் எத்தனை தருவீங்க என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். போட்டோ என்றால் ஒரு உடம்பு, வீடியோ என்றால் வேறொரு உடம்பு. போட்டோ என்று சொல்லிவிட்டால் முந்தானையை இழுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கல்லாக நிற்பார்கள். வீடியோ என்றால் கை கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் பக்கத்து ஆளிடம் திரும்பிச் சும்மா வாயசைப்பார்கள்.

தொண்ணூறுகளில் வயசானவர்களுக்கு இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. வீடியோ, வீடியோ என்று பத்துத் தடவை சொன்னாலும் முகத்தில் லைட் விழுந்ததும் விறைத்துவிடுவார்கள். "அசையுங்க பாட்டி, ஏதாவது பேசுங்க" என்று கத்துவோம். பாட்டி இமைகூட அடிக்காது. எடிட்டிங்கில் முதலில் போவது அந்தப் பாட்டிகள்தான். எத்தனை பேரை அப்படி வெட்டியிருப்பேன் என்று கணக்கு கிடையாது. போன வருடம் வரைக்கும் அதை ஒரு கணக்காக நினைத்ததும் கிடையாது.

என் அக்கா மகள் பெங்களூரில் ஓவியம் படிக்கிறாள். "மாமா, ஒரு மியூசியத்துல வீடியோ மட்டுமே வெச்சு ஒரு ஷோ. மனுஷ உருவம்தான் சப்ஜெக்ட். உங்க தொழில்தானே, வாங்க" என்று கூப்பிட்டாள். முகூர்த்தம் இல்லாத மாதம். காலையில் சேலம் புதுப் பஸ் ஸ்டாண்டில் ஏறி மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்தேன்.

முதல் ஒரு மணி நேரம் எனக்கு எரிச்சல்தான், மறைக்க என்ன இருக்கிறது. அறைக்கு அறை இருட்டு. உட்கார ஒரு பெஞ்சு இல்லை. சுவரில் ஒட்டியிருந்த விளக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் வீடியோவே ஒரு சுற்று முடிந்து மறுபடி தொடங்கிவிடுகிறது. ஓர் அறையில் நாலு திரை, நாலு கோணம், ஒரே பையன் ஓடிக்கொண்டே இருந்தான். இதைத்தான் நாங்கள் ரிசப்ஷன் மேடைக்குப் பின்னால் எல்இடி வால் போட்டுத் தினமும் செய்கிறோம். எங்களிடம் பாட்டாவது இருக்கும்.

அப்புறம் ஓர் அறை. உள்ளே ஒன்றுமே இல்லை. எதிர்ச் சுவரில் பெரிய திரை, அதிலும் இதே காலி அறை. வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்று வயர் எங்கே போகிறதென்று தேட ஆரம்பித்தேன். தொழில் புத்தி. அப்போது திரைக்குள் ஒருவன் நுழைந்தான். தொப்பை முன்னால் வர, வாய் லேசாகத் திறந்திருக்க, கழுத்தைத் தூக்கி மேலும் கீழும் பார்த்தபடி. யார்றா இவன் என்று நினைத்து முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது. எட்டு விநாடிக்கு முந்தைய நான். சட்டென்று வயிற்றை உள்ளே இழுத்தேன். எட்டு விநாடி கழித்து அவனும் இழுத்தான். இழுத்த பிறகு எனக்கு இன்னும் வெட்கமாகப் போயிற்று.

அதைச் செய்தது ஒரு மாணவர். இந்த உத்திக்கு மூலவர் டான் கிரஹாம் என்ற அமெரிக்கர், 1974லேயே கண்ணாடிச் சுவர்களும் எட்டு விநாடி பிந்தி ஓடும் வீடியோவும் வைத்து ஓர் அறை செய்துவிட்டார் என்று அக்கா மகள் சொன்னாள். நான் பார்த்தது உற்சவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தூங்கவில்லை. அடுத்த மூன்று மாதம் அவள் அனுப்பிய லிங்க், புத்தகம் எல்லாவற்றையும் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. நாம் சினிமாவின் தம்பி என்று நினைத்துக்கொண்டிருக்கும் வீடியோ, உண்மையில் கண்ணாடியின் தம்பி. ஃபிலிமைக் கழுவித்தான் பார்க்க வேண்டும். வீடியோவில் எடுக்கும்போதே நம்மை நாம் பார்க்கலாம். அறுபதுகளின் கடைசியில் சோனி கம்பெனி போர்ட்டபேக் என்று ஒரு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரே ஆள் தோளில் மாட்டிக்கொண்டு போகலாம். கறுப்பு வெள்ளைதான். ஒரு டேப் இருபது, முப்பது நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஓவியர்களும் சிற்பிகளும் அதை வாங்கி, மாடலுக்குக் கொடுக்கக் காசில்லாமல், தன் உடம்பையே அதன் முன்னால் நிறுத்தினார்கள். மாடலுக்குக் காசில்லை என்பது என் யூகம். கல்யாண சீசன் இல்லாத மாதங்களில் புது லென்ஸை என் கையை எடுத்துத்தான் நான் சோதிப்பேன், அதனால் அப்படித் தோன்றுகிறது.

விட்டோ அக்கான்சி என்ற அமெரிக்கக் கலைஞர் 1971ல் செய்த ஒரு வீடியோ. மானிட்டரில் தெரியும் தன் முகத்தின் நடுமையத்தை நோக்கி விரலை நீட்டுகிறார். அவ்வளவுதான். இருபது நிமிடத்துக்கு மேல் நீட்டிக்கொண்டே இருக்கிறார். பார்க்கிற நமக்கோ அந்த விரல் நம்மைக் காட்டுகிறது. கொஞ்ச நேரம் போனால் கலை, கருத்து எல்லாம் மறந்து, அந்தக் கை மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. பேனசோனிக் எம்3000 கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு மாலை மாற்றுவதிலிருந்து மூணு முடிச்சு வரைக்கும் ஆடாமல் நின்றவனுக்கு அந்தக் கை என்ன பாடு படும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

கொரியாவில் பிறந்த 'நாம் ஜூன் பைக்' என்ற கலைஞர் 1974ல் ஒரு புத்தர் சிலையை டிவிக்கு முன்னால் உட்கார வைத்தார். டிவிக்குப் பின்னால் கேமரா. புத்தர் டிவியில் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இதைப் படித்தபோது சின்ன வயசில் டவுனில் பார்த்த ஒரு டிவி கடை ஞாபகம் வந்தது. கண்ணாடி ஷோகேஸில் ஒரு டிவி, அதன் மேல் வீதியைப் பார்த்தபடி ஒரு கேமரா. போகிறவர் வருகிறவர் எல்லாரும் அதில் தெரிவார்கள். கூட்டம் கூட்டமாக நின்று தங்களைத் தாங்களே பார்த்துக் கை ஆட்டினோம். தறிக்குப் பட்டு நூல் வாங்கப் போன அப்பா, நூல் பையோடு டிவியில் தெரிந்ததும் ஒரே எட்டில் படச் சட்டத்துக்கு வெளியே போய்விட்டார். புத்தர் மாதிரி உட்கார அவரால் முடியவில்லை.

புரூஸ் நௌமன் என்ற அமெரிக்கக் கலைஞரின் 1970ஆம் வருடத்து நடைபாதைதான் என்னைப் பிடித்து ஆட்டியது. ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய, நீளமான, குறுகலான சந்து. கடைசியில் தரையில் இரண்டு மானிட்டர், ஒன்றின் மேல் ஒன்று. ஒன்றில் முன்பே பதிவு செய்த காலிச் சந்து ஓடிக்கொண்டிருக்கும். இன்னொன்றில் நேரலை. அந்த நேரலைக்கான கேமரா நுழைவாசலில், உயரத்தில், நம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. ஆக, நம்மைப் பார்க்க மானிட்டரை நெருங்க நெருங்க, கேமராவிலிருந்து நாம் விலகிப் போகிறோம். திரையில் நம் முதுகு சின்னதாகிக்கொண்டே போகும்.

இதற்கு மியூசியம் எதற்கு? எங்கள் வீட்டில் தறிக்கூடத்துக்குப் பக்கத்தில் கொல்லைக்குப் போகிற சந்து அதே அகலம்தான். ஒரு பழைய சிசிடிவி கேமரா, கோடவுனில் கிடந்த ஒரு மானிட்டர், முப்பது அடி கேபிள். ஞாயிற்றுக்கிழமை நானும் அக்கா மகளும் அரை மணி நேரத்தில் மாட்டிவிட்டோம். முதலில் நான் நடந்தேன். என் உச்சி மண்டையில் இவ்வளவு பெரிய வழுக்கை இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, ஒருத்தரும் சொல்லவில்லை.

அடுத்து அம்மா. அம்மாவுக்கு எழுபத்தாறு. சுவரில் ஒரு கையை ஊன்றி, இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பவள். பாதி தூரம் போய் நின்றுவிட்டாள்.

"யார்றா இது, எங்கம்மா மாதிரி நடக்கறா?"

"நீதாம்மா."

"நானில்ல. எங்கம்மாதான் இப்படிக் கூன் போட்டு நடப்பா."

இன்னும் நாலடி போனாள். திரையில் அந்த உருவம் அவளை விட்டு இன்னும் நாலடி தள்ளிப் போயிற்று. "கிட்டப் போனா தூரமாப் போறாளே" என்று சொல்லிவிட்டு, திரும்பி வேகமாக வெளியே வந்துவிட்டாள். அன்றைக்கு முழுக்க அந்தச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போகவில்லை. சாயங்காலம் கேமராவைக் கழற்றிவிட்டேன்.

இந்தியாவிலும் இப்படித் தன் உடம்பைத் தானே எடுத்தவர்கள் இருக்கிறார்கள். சோனியா குரானா 1999ல் செய்த 'பறவை' என்ற கறுப்பு வெள்ளை வீடியோவில், ஆடையில்லாத கனமான உடம்போடு அவரே பறக்கப் பார்க்கிறார். முடியவில்லை. மறுபடியும் கையை விரிக்கிறார். அதைக் கூச்சத்தோடுதான் பார்த்தேன், அக்கா மகளோடு உட்கார்ந்து பார்க்கவில்லை. ஆனால் அடுத்த வாரமே ஒரு பெண் வீட்டார் வந்து, "பொண்ணைக் கொஞ்சம் ஒல்லியாக் காட்டிருங்கண்ணா" என்று சொன்னபோது எனக்கு அந்த விரிந்த கைகள்தான் ஞாபகம் வந்தன. இதையெல்லாம் அவர்களிடம் சொல்ல முடியுமா? "பண்ணிரலாம்ங்க" என்றுதான் சொன்னேன். பண்ணியும் கொடுத்தேன்.

ஸ்லோ மோஷன் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் பிழைப்பே இப்போது அதில்தான் ஓடுகிறது. பெண் படியிறங்கி வந்தால் ஸ்லோ, தலையில் பூ விழுந்தால் ஸ்லோ. பில் வயோலா என்ற அமெரிக்கர் ஸ்லோ மோஷனை எடுத்துக்கொண்டு போன இடம் வேறு. 1995ல் வெனிஸ் கண்காட்சிக்கு அவர் செய்தது 'வாழ்த்து'. வீதியில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவதாக ஒரு பெண் வருகிறாள், கர்ப்பிணி. ஒருத்தியைக் கட்டிக்கொண்டு காதில் ஏதோ சொல்கிறாள். நடந்தது இவ்வளவுதான், மொத்தம் 45 விநாடி. அதை விநாடிக்கு 300 ஃபிரேம் ஓடும் கேமராவில் எடுத்துப் பத்து நிமிடத்துக்கு நீட்டினார். எங்கள் கணக்கில் போட்டுப் பாருங்கள், 300ஐ 24ஆல் வகுத்தால் பன்னிரண்டரை. 45 விநாடி பன்னிரண்டரை மடங்கானால் ஒன்பது நிமிடத்துக்கு மேல். கணக்கு இடிக்கவில்லை.

அந்தப் பத்து நிமிடத்தில் நான் பார்த்தது கட்டிக்கொண்ட இரண்டு பேரையல்ல, விடுபட்ட அந்த ஒருத்தியை. அவள் சிரிப்பு மெதுவாகக் கீழே இறங்குகிறது. கண் ஓரமாகப் போகிறது. தனக்கு அறிமுகம் செய்து வைப்பார்களா என்று உடம்பு கொஞ்சம் முன்னால் சாய்ந்து, பிறகு பின்வாங்குகிறது. ஒவ்வொரு மேடையிலும் அப்படி ஒருத்தி இருப்பாள். முகூர்த்தத்தில் நாத்தனார், பந்தியில் இரண்டாம் தாரத்து மகள், குடும்ப போட்டோவில் ஓரமாக ஒதுங்கும் அத்தை. முப்பது வருடமாக என் வியூஃபைண்டரின் ஓரத்தில் அவர்கள் நின்றிருக்கிறார்கள். நான் ஜூம் செய்து சட்டத்துக்கு வெளியே தள்ளியிருக்கிறேன்.

வயோலா ஆறு வயசில் ஏரியில் விழுந்து மூழ்கப் போனவர். மாமா ஒருவர் இழுத்துப் போட்டிருக்கிறார். தண்ணீருக்கடியில் பார்த்த வெளிச்சம் அவ்வளவு அழகாக இருந்தது என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். 2024 ஜூலையில் இறந்துபோனார், 73 வயசு.

இதெல்லாம் மண்டைக்குள் ஏறியபிறகு சும்மா இருக்க முடியுமா? தை மாதம் ஏற்காட்டில் ஒரு ப்ரீ வெட்டிங் ஷூட். இருபது ஹேர்பின் வளைவும் ஏறி, பகோடா பாயிண்டுக்குப் போய்ச் சேரும்போது பனி இன்னும் விலகவில்லை. பெண் மெல்லிய லெஹங்காவில் நடுங்கிக்கொண்டிருந்தாள். கையைக் கோத்து நடங்க, கேமராவைப் பார்க்காதீங்க, சிரிங்க, கட். கட் சொன்னதும் வழக்கமாக நான் ரெக்கார்ட் பட்டனை அமுக்கி நிறுத்திவிடுவேன். அன்றைக்கு நிறுத்தவில்லை.

சிரிப்பு முதலில் உதட்டிலிருந்து போயிற்று, கன்னத்தில் கொஞ்ச நேரம் தங்கியிருந்தது. ஹீல்ஸைக் கழற்றினாள். ஒற்றைக் காலில் நின்று, இன்னொரு பாதத்தை இரண்டு கையாலும் தேய்த்தாள். நிலை தடுமாறியபோது மாப்பிள்ளையின் தோளைப் பிடிக்கக் கை போய், பாதியில் நின்று, பக்கத்துக் கல்லைப் பிடித்துக்கொண்டது. அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினோரு விநாடி. அன்றைக்கு எடுத்த நாலு மணி நேரத்தில் உயிருள்ள பதினோரு விநாடி அதுதான். பாட்டில்லாமல் அப்படியே வைத்து அனுப்பினேன்.

மறுநாள் போன். "அண்ணா, நடுவுல என்னமோ நான் சும்மா நிக்கிறேன், அதைத் தூக்கிருங்க." தூக்கிவிட்டேன். அவள் சொன்னதும் நியாயம்தான். அவள் காசு கொடுத்தது அதற்கில்லை.

ரண்பீர் கலேகா என்ற இந்திய ஓவியரின் ஒரு படைப்பைப் பற்றி அக்கா மகள் சொன்னது அப்போதுதான். ஈசலில் ஓர் எண்ணெய் ஓவியம். ஊசியில் நூல் கோர்க்கப் பார்க்கும் ஓர் ஆள். அந்த ஓவியத்தின் மேலேயே அதே ஆளின் வீடியோ ஒளியாக விழுகிறது. வரைந்த உடம்பின் மேல் அசைகிற உடம்பு. ஆள் கிட்டத்தட்ட அசைவதே இல்லை, ஆனால் மூச்சு விடுகிறது. தொண்ணூறுகளின் கடைசியில் செய்தது. போட்டோவா, வீடியோவா என்று அந்த ஆளிடம் கேட்டால் என்ன சொல்வான்?

ஊசியும் நூலும் என்றதும் எனக்கு அப்பா. அம்மாப்பேட்டையில் குழித்தறி நெய்தவர். இடுப்புக்குக் கீழே குழிக்குள், மேலே பாதி உடம்புதான் எங்களுக்குத் தெரிந்த அப்பா. பாவில் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, இரண்டு முனையையும் தேடிப் பிடித்து, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் உருட்டுகிற ஒரு உருட்டலில் முடிச்சு விழுந்துவிடும். கண் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும்.

அவர் இருக்கிற வீடியோ ஒன்றே ஒன்று உண்டு. 1996, சித்தப்பா மகன் கல்யாணம். நான் அப்போது லைட் பிடிக்கிற பையன். அந்த விஎச்எஸ் டேப்பைப் பரணிலிருந்து எடுத்தபோது வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் நாலு நாள் துடைத்து, ஓட்ட ஓட்ட விசிஆர் ஹெட்டையும் துடைத்து, ஒரு வழியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.

கோடு கோடாக ஓடுகிற படத்தில், மண்டபத்துத் தூணோரம் அப்பா. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. போட்டோவுக்கு நிற்பது போல விறைப்பாக நிற்கிறார். "அண்ணே, அசைங்க, வீடியோதான்" என்று என் முதலாளியின் குரல் கேட்கிறது. அப்பா அசையவில்லை. முப்பத்தெட்டு விநாடி. முதலாளி எப்படி அதை வெட்டாமல் விட்டார் என்று தெரியவில்லை, மறந்திருப்பார். மூன்றாவது தடவை ஓட்டியபோதுதான் கையைப் பார்த்தேன். வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் வேட்டி ஓரத்தை உருட்டிக்கொண்டே இருக்கின்றன. அறுந்த இழையைச் சேர்க்கிற அதே உருட்டல்.

கண் கலங்கியிருக்கிறது. அழுகை இல்லை, லைட்டின் சூடு. ஆயிரம் வாட் ஹாலஜனை அவ்வளவு கிட்டத்தில் பிடித்தால் யாருக்கும் கண்ணில் நீர் வரும். ஆனால் அவர் கேமராவைப் பார்க்கவில்லை. லென்ஸுக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக, கொஞ்சம் மேலே பார்க்கிறார். லைட் இருந்த இடம் அது. முப்பத்தெட்டு விநாடியும் அவர் பார்த்தது அதைப் பிடித்துக்கொண்டிருந்தவனைத்தான். பின்னாலிருந்த எனக்கு அந்த வெளிச்சத்தில் அன்றைக்கு எதுவும் தெரியவில்லை.

அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். "துண்டைச் சரியாப் போடல பாரு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொருக்காப் போடு" என்றாள்.

கேரி ஹில் என்பவர் 1996லேயே, அப்பா தூணோரம் நின்ற அதே வருடம், பதினேழு தினக்கூலி ஆட்களை அப்படியே நிற்க வைத்து எடுத்திருக்கிறார். ஆளளவு உயரத்தில், நீளச் சுவரில், வரிசையாக. ஒருவரும் ஒன்றும் செய்வதில்லை. கால் மாற்றுகிறார்கள். நம்மைப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான். காலையில் மண்வெட்டியும் சட்டியுமாக வேலைக்கு ஆள் கூப்பிடுவார்களா என்று ரோட்டோரம் நிற்பவர்களை, முகூர்த்தத்துக்குப் போகும் அவசரத்தில், எத்தனை ஆயிரம் தடவை கடந்திருப்பேன். இப்போது சிக்னலில் வண்டி நின்றால் அவர்களை நேராகப் பார்க்க முடிவதில்லை. வேலைக்குத்தான் கூப்பிடப் போகிறேன் என்று நினைத்து ஒருவர் எழுந்து வந்துவிட்டார் ஒரு நாள்.

போன ஆடியில் சேலத்திலேயே குகை என்கிற பகுதிக்கு வண்டி வேடிக்கை எடுக்கப் போனேன். வெளியூர்க்காரர்களுக்கு: குகை மாரியம்மன், காளியம்மன் திருவிழாவில் ஜோடித்த வண்டிகளில் மனிதர்கள் சாமி வேஷம் கட்டி ஊர்வலம் வருவார்கள். பேர்தான் வண்டி, இப்போது லாரி, சீரியல் லைட்டு, ஜெனரேட்டர். சிவன், முருகன், காளி எல்லாரும் போஸ் மாறாமல் மணிக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். மூக்கு அரித்தாலும் சொறியக் கூடாது. வியர்த்தால் கீழிருந்து ஒருவர் ஒற்றி எடுப்பார். தண்ணீர் ஸ்ட்ராவில் வரும்.

வழக்கமாக ஒரு வண்டிக்குப் பத்து விநாடி, கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி, அடுத்த வண்டி. அன்றைக்கு ஊர்வலம் ஓரிடத்தில் அடைத்து நின்றுபோக, ஒரு முருகன் முன்னால் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு நின்றேன். பன்னிரண்டு, பதிமூன்று வயசுப் பையன். முகமெல்லாம் சிவப்புப் பூச்சு, கையில் வேல், கிரீடம் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. ஒரு கால் மயில் மேல் தூக்கி வைத்தபடி. வேல் பிடித்த கை நடுங்க ஆரம்பித்திருந்தது. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை பூச்சைக் கரைத்துக்கொண்டு கண்ணை நோக்கி இறங்கியது. அவன் இமைக்கவில்லை.

கீழே நின்ற அவன் அம்மா, "எப்பங்கண்ணா எடுக்க ஆரம்பிப்பீங்க, பையன் எவ்வளவு நேரமா நிக்கறான்" என்றார்.

"ஓடிட்டுத்தான் இருக்குதுங்க" என்றேன்.

ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே மேலேயிருந்து, உதடு அசையாமல், பல்லுக்கிடையில் ஒரு குரல் வந்தது.

"அண்ணா, போட்டோவா வீடியோவா?"

"வீடியோ, கண்ணு. நீ அசையலாம்."

அசையவில்லை. கண்ணை மட்டும் மெதுவாகத் திருப்பி, லென்ஸை விட்டுவிட்டு, என்னைப் பார்த்தான்.